மடக்கிய குடை

ஆணியில் தொங்கிய குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

நாகலிங்கம் முதலில் கராஜ் கூரையைத்தான் பார்த்தார். தகரம் புதிது. போன மாதம் அவரே மேலே ஏறி ஆணி அடித்தது, ஒழுக வழியில்லை. சுவரும் காய்ந்துதான் இருந்தது. ஏழு மாதமாக யாரும் விரிக்காமல் நாடாவால் கட்டியபடியே கிடக்கும் மகள் கோகிலாவின் கறுப்புக் குடை மட்டும், இப்போதுதான் மழையில் எங்கோ போய்விட்டு வந்ததைப் போல நுனியிலிருந்து ஒவ்வொரு துளியாக விட்டுக்கொண்டிருந்தது. கீழே சிமெந்துத் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம், அதில் கொஞ்சம் செம்மண். அவர் பழந்துணியை எடுத்து அதைத் துடைத்தார். இன்றைக்கு வண்டி பார்க்க ஆள் வருகிறது. இன்றைக்கு வேறு எதையும் யோசிக்கக் கூடாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

வண்டி தயாராக நின்றது. இரண்டே இரண்டு சீட் வைத்த பச்சை நிற எம்.ஜீ. நீண்ட மூக்கும் கம்பிச் சக்கரங்களும் மடக்கி வைக்கிற துணிக் கூரையுமாக, வெள்ளைக்காரப் பெரிய துரை ஒருவர் சீமையிலிருந்து கப்பலில் வரவழைத்தது. அவர் போன பிறகு முப்பது வருஷம் இந்தப் பங்களாக் கராஜில் அதற்குள் கோழிதான் அடைகாத்தது. ரப்பர் தோட்டத்தைக் கம்பனி எடுத்ததும், பழைய இரும்புக்காரன்கூட வேண்டாம் என்று போனதை, லொறி மெக்கானிக் நாகலிங்கத்தின் தலையில் கட்டினார்கள். பைத்தியக்காரனுக்குப் பொம்மை கிடைத்தது என்று தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் சிரித்தார்கள். அவர் ஆறு வருஷம் அதோடு மல்லுக்கட்டினார். போல்ட் கிடைக்காவிட்டால் தானே கடைந்தார், சீட்டுக்குத் தோல் தேடி இரத்தினபுரிக்கும் கேகாலைக்கும் அலைந்தார். கோகிலாதான் ஊசியைப் பிடுங்கி அந்தத் தோலைத் தைத்துக் கொடுத்தாள். பால் வெட்டிவிட்டு வந்த கையில் ரப்பர் பால் வாடை போகாது, இன்றைக்கும் கதவைத் திறந்தால் தோல் வாடைக்குள் அந்தப் புளிச்ச வாடை கொஞ்சம் இருக்கும். சில நாள் அவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அதற்காகவே நிற்பார்.

அந்த எஞ்சின் முதன்முதலாக உயிர்பிடித்தது போன ஐப்பசியில், தீபாவளிக்கு முந்தின வாரம். மூன்று நாளாக விடாத மழை. கோகிலா குடையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"அப்பா, மேட்டுல மண்ணு வெடிச்சிருக்காம். எல்லாரையும் கோயில் மடத்துக்குப் போகச் சொல்றாங்க. அம்மா ஒங்களக் கூட்டியாரச் சொன்னுச்சு."

"அஞ்சு நிமிசம் புள்ள. ஸ்டார்ட் ஆயிருச்சு பாரு. வெளிய எடுத்துப் பாத்துட்டு வந்துர்றேன். ஓரமா நில்லு."

அவள் ஓரமாக நின்றாள். சும்மா நிற்கவில்லை. அந்தக் காலத்தில் துரையின் கார் சத்தம் கேட்டால் ஜனங்கள் ரோட்டை விட்டு ஓரத்துத் தண்ணீர்க் கானுக்குள் இறங்க வேண்டும், கொட்டும் மழையானாலும் குடையை மடக்க வேண்டும், கார் கடந்து போகிற வரைக்கும் தலை நிமிரக் கூடாது. இப்போது எந்தத் துரைக்கும் யாரும் அப்படிச் செய்வதில்லை. கோகிலா கேள்விப்பட்டதுதான். கேலி அவளுக்குக் கூடப் பிறந்தது. கராஜ் வாசலுக்கு எதிரே மேட்டடிக் கானில் இறங்கி, குடையை மடக்கி, தலையைக் குனிந்துகொண்டு, "சலாங்க தொர" என்றாள். சிரிப்பை அடக்க முடியாமல் தோள் குலுங்கியது. நாகலிங்கமும் துரை மாதிரியே கழுத்தை விறைத்துக்கொண்டு ஹார்ன் அடித்தார். ஒரு கணம் அவருக்கு அது பிடித்திருந்தது. ஏழு மாதமாக அவரைத் தின்பது அந்த ஒரு கணம்தான்.

மேடு அப்படியே இறங்கியது. பொழுது சாய்ந்த பிறகு தோண்டி எடுத்தபோது குடை அவள் கையில் மடக்கியபடியே இருந்தது.

கருமாதி முடிந்த அன்று அவர் மனைவி மூக்காயி சொன்னாள், "இந்த வண்டி தோட்டத்த விட்டுப் போற வரைக்கும் ஒங்களுக்கும் எனக்கும் பேச்சில்ல." அதோடு சரி. சோறு போடுவாள், துணி துவைப்பாள், வாய் திறக்க மாட்டாள். முப்பது வருஷம் தன்னோடு வாயாடியவளின் குரல் எப்படி இருக்கும் என்பதே சில நேரம் அவருக்கு மறந்து போனது. அதனால்தான் பேப்பரில் விளம்பரம் கொடுத்தார். வண்டி போகட்டும். அவள் ஒரு வார்த்தை பேசினால் போதும்.

பின்னேரம் மூன்று மணிக்கு மூக்காயியே கராஜ் வாசலுக்கு வந்தாள், கையில் இரண்டு கப் தேத்தண்ணி. இந்தப் பக்கம் அவள் கால் வைத்து ஏழு மாதம். தலை வாரி, பச்சைச் சேலை உடுத்தியிருந்தாள். வண்டி பார்க்க வந்த புவாட், வரக்காப்பொலையில் பழைய வாகனம் வாங்கி விற்கிறவன், தன் வேனைச் சந்தியில் விட்டுவிட்டு ஒரு மைல் நடந்து வந்திருந்தான். பொனட்டைத் திறந்து பார்த்தவன் அதை மூடவே மனமில்லாமல் நின்றான்.

"அண்ணன், இது கையால செஞ்ச வேலையா? கொழும்பில இப்பிடி ஒரு ஆள் இல்ல. சந்தி வரைக்கும் நான் ஓட்டிப் பார்க்கட்டா? புடிச்சா அப்பிடியே கொண்டு போயிருவேன்."

"ஓட்டுங்க மொதலாளி. அதுக்குத்தான வச்சிருக்கேன்."

அந்த நேரம் பார்த்து மழை பிடித்தது. மூக்காயி சுற்றும் முற்றும் பார்த்தாள். ஆணியில் இருந்த குடையை எடுத்து, நாடாவை அவிழ்த்து, விரித்துக்கொண்டு வெளியே போனாள். அதைத் தொடாதே என்று சொல்ல நாகலிங்கத்துக்கு வாய் வந்தது. என்ன காரணம் சொல்வது? புவாட்டுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். வண்டி வாசலைத் தாண்டும்போது அவள் எதிர்ப் பக்கம் மேட்டடியில் குடைக்குள் நின்றாள். வண்டி போவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று நிற்கிறாள். அவள் முகம் லேசாக இளகியிருந்தது. அவருக்கு அழுகை வந்தது.

புவாட் வளைவில் ஹார்ன் அடித்தான், இறக்கத்தில் இறங்கினான். துணிக் கூரையில் மழை பொரிந்தது. இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள், மரத்துக்கு மரம் பால் பிடிக்கக் கட்டிய சிரட்டைகள் நிரம்பி வழிய, அதற்குக் கீழே செந்தண்ணீர் ஓடும் கான்.

"நல்ல மரியாதையான ஆக்கள்" என்றான் புவாட்.

"யாரு மொதலாளி?"

"இவங்கதான்." அவன் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து இடது பக்கம் பார்த்து ஆட்டினான். "ஆனா ஏன் இந்த மழையில குடைய மடக்கிப் புடிச்சிட்டு நிக்கிறாங்க?"

நாகலிங்கம் பார்த்தார். மரங்கள்தான். சிரட்டைகள்தான். மழை நேரம், கானுக்குள் ஒரு நாய்கூட இல்லை. அவர் வலது பக்கம் பார்த்தார், அங்கேயும் மரங்கள்தான். புவாட் இன்னும் இரண்டு தடவை கையை ஆட்டினான். மூன்றாவது தடவை பாதியில் கையை இறக்கிக்கொண்டான். லயத்தைத் தாண்டிய பிறகு அவன் வேகத்தைக் குறைத்து வலது பக்கம் எதையோ கிட்டத்தில் உற்றுப் பார்த்தான். அதற்குப் பிறகு கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல், பள்ளம் மேடு பார்க்காமல், சந்தி வரைக்கும் மிதித்தான்.

சந்தியில் எஞ்சினைக்கூட நிறுத்தாமல் கதவைத் திறந்து இறங்கி மழையில் நின்றான்.

"வண்டிக்குக் குறை சொல்ல ஏலா அண்ணன். எனக்கு வேணா."

"என்னா மொதலாளி இப்பிடிச் சொல்றீங்க? என்னா கண்டீங்க?"

"ரெண்டு பக்கமும் நின்டாங்க. ஒத்தரும் தலை நிமிரல்ல. ஒரு வயசாளிக்கிட்ட மெதுவாக்கிப் பார்த்தேன். நாசியிலயும் வாயிலயும் மண்ணு அண்ணன். அடைச்சி இரிக்கு." அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அந்த வாசல்ல ஒங்கட பொஞ்சாதிக்குப் பக்கத்தில ஒரு புள்ள நின்டிச்சே. ஒங்கட மகள் என்டு நெனச்சேன். அதுவும் குனிஞ்சிட்டுத்தான் நின்டிச்சு. தோள் மட்டும் குலுங்கிச்சு, சிரிப்ப அடக்கிற மாதிரி."

அப்போது மேலே, தோட்டத்துப் பக்கம், நீளமாக ஏதோ உறுமி அடங்கியது. இடி என்றான் புவாட். வேனில் ஏறினான், திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

நாகலிங்கம் மழையில் நின்று வண்டியைப் பார்த்தார். அதை அங்கேயே விட்டுவிட்டு நடந்து போயிருக்கலாம். ஓடையில் தள்ளியிருக்கலாம். போயிருச்சு மூக்காயி என்று சொல்லியிருக்கலாம், அவளும் பேசியிருப்பாள். இதெல்லாம் அவருக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தவருக்கு ஒன்றும் தெரியவில்லை, ஸ்டியரிங் பிடித்தவனுக்குத் தெரிந்தது. தோள் குலுங்கியதாம். ஒரே ஒரு தரம் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு வண்டி எப்படிப் போனாலும் சரி. அவர் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

முதல் வளைவில் நின்றார்கள்.

கானுக்குள், முழங்கால் அளவு செந்தண்ணீரில், வரிசையாக. ஆண்களின் தலைப்பாகை கக்கத்தில் இருந்தது. பெண்களின் கையில் மடக்கிய குடை, சிலரிடம் மடித்த சாக்கு. மழை அவர்கள் பிடரியில் விழுந்து முதுகில் ஓடியது. வண்டி கிட்ட வர வர ஒவ்வொரு தலையாக இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது. ஏழுமலைக் கங்காணி நின்றார், அவர் செத்து இருபது வருஷம். பால் வெட்டுக்குப் போன இடத்தில் பாம்பு கடித்தவள் நின்றாள், இடுப்பில் வாளியோடு. லயம் வருவதற்கு முன்னால், புவாட் மெதுவாக்கிய இடத்தில், கிழவர் ஒருவர். அந்த வளைந்த முதுகை நாகலிங்கத்துக்கு எங்கே கண்டாலும் தெரியும்.

"அப்பா" என்றார்.

அப்பா மகனுக்குத் தலை குனிந்து நின்றார். நிமிரவில்லை.

நாகலிங்கம் அழுதுகொண்டே ஓட்டினார். நான் தொர இல்ல அப்பா, நம்ம நாகலிங்கம்தான் என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார். யாரும் நிமிரவில்லை. ஏற்றம். மூன்றாவது கியர், இரண்டாவது கியர். துணிக் கூரையில் மழை. தோல் வாடை. அதற்குள் புளிச்ச வாடை, இப்போது அதிகமாக.

கடைசி வளைவு.

ரோட்டில் மண். புதிய மண், ஈரச் சிவப்பு. மேட்டில் பாதி இல்லை. கராஜ் வாசலுக்கு எதிரே வேரோடு ஒரு ரப்பர் மரம் தலைகீழாகக் கிடந்தது. அவர் பிரேக்கை மிதித்தார்.

மண் குவியலுக்கு இந்தப் பக்கம், கானில், கோகிலா. பாவாடை நுனி தண்ணீரில் மிதந்தது. தலை குனிந்திருந்தது. தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. நிற்காமல். சிரிப்பு இல்லை. மூச்சுக்காகக் குலுங்கும் தோள்.

"கோகிலா. போதும் புள்ள. வெளையாட்டு போதும். கொடைய விரி."

அவள் விரிக்கவில்லை. கார் கடந்து போகிற வரைக்கும் நிமிரக் கூடாது. கடந்து போக வழியில்லை, மண் மறித்திருந்தது. அவர் எஞ்சினை அணைத்தார். அப்போதும் நிமிரவில்லை. கதவைத் திறக்கக் கை நீட்டினார்.

அப்போதுதான் குடையைப் பார்த்தார்.

அதை இரண்டு கை பிடித்திருந்தது. ஒன்று கோகிலாவின் கை. மற்றது கண்ணாடி வளையல் போட்ட கை, நரம்பு எழும்பிய கை, சற்று முன்னால் தேத்தண்ணி கொண்டுவந்த கை. மகளுக்குப் பின்னால், மேட்டை ஒட்டி, பச்சைச் சேலை. வாரிய தலை. அந்தத் தலையும் குனிந்திருந்தது.

"மூக்காயி" என்றார்.

அவள் வாயிலிருந்து மண் கொஞ்சம் உதிர்ந்து தண்ணீரில் விழுந்தது. ஏழு மாதம் கழித்து, முகம் நிமிராமல், அவள் அவரோடு பேசினாள்.

"சலாங்க தொர."

மழை பெய்துகொண்டிருந்தது. இருவரும் குடையை மடக்கிப் பிடித்தபடி, அவர் கடந்து போவதற்காக நின்றார்கள்.