போனஸ் பாடலில் காணாமல் போன குரல்

"மேடம் இல்லையா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள் அந்தப் பெண்.

அண்ணனுக்குச் சுருக்கென்றது. துப்பறியும் நிலையத்துக்கு வாடகைக்கு இடம் பிடித்தது அவர். பெயர்ப்பலகை எழுதி மாட்டியதும் அவர். கூடமாட ஒத்தாசைக்கு என்று வந்து உட்கார்ந்தவள்தான் தங்கை. மூன்றே வழக்குகளில் ஊருக்கெல்லாம் அவள் 'மேடம்' ஆகிவிட்டாள், இவர் 'கூட வர்றவர்' ஆகிவிட்டார். ஒட்டகத்துக்கு இடம் கொடுத்த கதைதான். வெளியே சொல்ல முடியுமா? கூடப் பிறந்தவள் ஆயிற்றே.

"மேடம் உள்ளதான் இருக்காங்க. உக்காருங்க" என்றார், நாற்காலியைக் கொஞ்சம் அதிகச் சத்தத்தோடு இழுத்துப் போட்டு.

வந்தவள் ஓர் ஒலிப்பதிவாளர். அவளுடைய அப்பா ஒரு காலத்தில் 'புயல்' என்று பெயர் வாங்கிய ராக் பாடகர். இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது.

"அப்பா ரொம்ப வருஷம் கழிச்சுப் புதுசா ஒரு பாட்டுப் பாடியிருக்காங்க, மேடம். அதோட ரெண்டு போனஸ் பாட்டு வெளியிடறோம். ஒண்ணு, அதே பாட்டு வெறும் கிட்டாரோட. இன்னொண்ணு, இருபத்திநாலு வயசுல அவர் பாடி, வெளிய வராமலே போன பாட்டு. அந்த டேப் போன சனிக்கிழமைதான் கிடைச்சுது. அன்னைக்கு வந்திருந்த நண்பர்களுக்கு, முதல்ல புதுப் பாட்டு போட்டேன். கை தட்டினாங்க. அப்புறம் பழைய டேப். எல்லாரும் எழுந்து நின்னுட்டாங்க, மேடம்."

"அப்புறம்?" என்றாள் தங்கை.

"காலையில கம்ப்யூட்டர்ல ஏத்திக்கலாம்னு விட்டுட்டேன். அதுதான் நான் பண்ண தப்பு. மறுநாள் காலையில ஸ்பீக்கர்ல போட்டா டிரம் இருக்கு, கிட்டார் இருக்கு, குரலைக் காணோம். அந்த டேப்புல ஒவ்வொண்ணும் தனித்தனித் தடத்துல இருக்கும். குரல் தடத்தை மட்டும் யாரோ அழிச்சிருக்காங்க."

"யார் மேல சந்தேகம்?"

அவள் கண் கலங்கியது. "அப்பாவோட டிரம்மர். மத்தளம்னுதான் கூப்பிடுவாங்க. எனக்குச் சித்தப்பா மாதிரி. அந்த டேப்புல டிரம் வாசிச்சது அவர் இல்ல. அவருக்கு முன்னாடி இருந்தவர், செத்துப் போயிட்டார். 'அவனை மாதிரி வருமா'ன்னு சொல்லிச் சொல்லியே இவரைக் கொன்னுருக்காங்க. அன்னைக்கு அப்பா பக்கத்துலதான் உக்காந்திருந்தார், ஆனா முகமே சரியில்ல. டிரம்மை மூட்டை கட்டணும்னு கடைசி வரைக்கும் ஸ்டுடியோல தனியா இருந்தவரும் அவர்தான். கோவத்துல, வெளியீட்டு நிகழ்ச்சிக்கு வேற ஆள் பாத்துக்கறேன்னு சொல்லிட்டேன். அன்னையிலிருந்து வீட்டுப் பக்கமே வரல."

"அப்பா என்ன சொல்றாங்க?"

"போனது போகட்டும்ங்கறாங்க. ஒரு பக்கம் அப்பாவோட பாட்டு, இன்னொரு பக்கம் என் சித்தப்பா, மேடம். அவர் பண்ணலன்னா நான் அவர் கால்ல விழணும்."

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது சரிதான் என்று அண்ணன் நினைத்துக்கொண்டார்.

அவர்கள் போனபோது புயல் தன் வீட்டுக் கூடத்தில் சாய்வு நாற்காலியில் இருந்தார். அண்ணன் முந்திக்கொண்டு பக்கத்து இருக்கையில் உட்கார, "இங்க வேண்டாம், இந்தப் பக்கம் வாங்க" என்று கையைப் பிடித்து வலது பக்கம் மாற்றி உட்கார வைத்தார். மரியாதை தெரிந்த மனிதர் என்று அண்ணன் குளிர்ந்து போனார்.

"டேப்பை நீங்க கேட்டீங்களா, சார்?" என்றாள் தங்கை.

"எல்லாரோடயும் ஒரு தடவை, இந்தக் கூடத்து ஸ்பீக்கர்ல. அப்புறம் ஸ்டுடியோ பக்கமே போகல." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நல்லாத்தான் பாடியிருந்தான்."

வீட்டின் பின்கட்டில் ஸ்டுடியோ. டேப் இயந்திரத்தை அந்தக் காலைக்குப் பிறகு யாரும் தொடவில்லை என்றாள் மகள். இந்தத் தடவையாவது நாம் முந்துவோம் என்று அண்ணன் ஹெட்போனை எடுத்து மாட்டி, இயந்திரத்தை ஓட விட்டார். அடுத்த நொடி அலறிக்கொண்டு கழற்றி எறிந்தார்.

"ஐயோ, வலது காது போச்சு! இடது பக்கம் ஒண்ணுமே கேக்கல. ஓட்டை ஹெட்போன்!"

"சனிக்கிழமை சாயங்காலம் நான் போட்டுப் பாத்தப்போ ரெண்டு பக்கமும் நல்லாக் கேட்டுதே" என்றாள் மகள் குழப்பத்துடன்.

தங்கை குனிந்து, ஹெட்போன் செருகிய இடத்துக்குப் பக்கத்திலிருந்த இரண்டு குமிழ்களைப் பார்த்தாள். "நல்ல வேலை பண்ணே, அண்ணா" என்றாள். கிண்டலா பாராட்டா என்று அண்ணனுக்குப் பிடிபடவில்லை.

மத்தளத்தின் வீடு இரண்டு தெரு தள்ளி. கதவைத் திறந்தவர் தங்கை பேசியதைப் புரியாமல் பார்த்துவிட்டு, அவளைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்து, இடது காதைக் கொடுத்து, "இப்ப சொல்லும்மா" என்றார்.

"அந்தப் பழைய டிரம்மர் மேல உங்களுக்குப் பொறாமையா, சார்?"

"இல்லாம? செத்தவனை யாரும்மா ஜெயிக்க முடியும்? அவன் இனிமே தப்பா வாசிக்கவே மாட்டானே!" சிரித்தார். ஆனால் டேப்பைப் பற்றிக் கேட்டதும் அவர் கை சட்டைப் பையிலிருந்த போனைப் பொத்திக்கொண்டது. "நான் அழிக்கல. நம்பினா நம்புங்க."

தெருவில் இறங்கியதும் அண்ணன் துள்ளினார். "பாத்தியா, போனை எப்படிப் பொத்தினார்! குற்றமுள்ள நெஞ்சு!"

"அவர் எதையோ மறைக்கிறார், அது நிஜம். ஆனா அழிச்சது அவர் இல்ல. யாருன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஏன்னுதான் புரியவே இல்ல." தங்கை நின்றுவிட்டாள். அவள் ஒரு பெயரைச் சொன்னாள். அண்ணன் வாயைப் பிளந்தார். தெருமுனை வந்ததும் மெதுவாகச் சொன்னார்:

"எனக்குப் புரியுதும்மா."

அன்று மாலை ஐந்து பேரும் புயலின் கூடத்தில் இருந்தார்கள். மத்தளம் வாசலுக்குப் பக்கத்து நாற்காலியில், எப்போது வேண்டுமானாலும் கிளம்பிவிடுகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். அண்ணன் சுவரோரம் நின்றார்.

"அழிச்சவர் அதுக்கு முன்னாடி அந்தப் பாட்டை ஹெட்போன்ல ஒரு தடவை கேட்டிருக்கார்" என்று தொடங்கினாள் தங்கை. "சத்தம் உச்சத்துல இருந்துச்சு. அதனால காது மந்தமானவர். இங்க அப்படி ரெண்டு பேர். ஆனா சத்தத்தை ரெண்டு காதுக்கும் பங்கு போடற குமிழை, முழுக்க வலது பக்கம் திருப்பியிருந்தாங்க. அதைத்தான் அண்ணன் ஓட்டைன்னு நினைச்சார். இடது காது கேக்காதவர்தான் அப்படித் திருப்புவார். மத்தளம் சாருக்குக் கேக்கறதே இடது காதுலதான்."

மகள் மெல்லத் திரும்பினாள், வலது பக்கம் மட்டுமே ஆட்களை உட்கார வைக்கும் தன் அப்பாவைப் பார்த்து.

"இன்னொண்ணு" என்றாள் தங்கை. "பொறாமைல ஒரு டிரம்மர் அழிச்சா டிரம்மை அழிப்பார். குரலை எதுக்கு அழிக்கணும்? பாடறவருக்குப் பொறாமை பாடறவர் மேலதான் வரும். ஏன்னு அண்ணன் சொல்லுவார். கண்டுபிடிச்சது அவர்தான்."

அண்ணன் இந்த நிமிஷத்துக்காக எத்தனையோ நாள் ஏங்கியிருந்தார். வந்தபோது சுவரை விட்டு ஓர் அடி முன்னால் வந்தார்.

"சார், நீங்க 'நல்லாத்தான் பாடியிருந்தான்'னு சொன்னீங்க. 'பாடியிருந்தேன்'னு சொல்லல. உங்க புதுப் பாட்டுக்கு உக்காந்துகிட்டே கை தட்டினாங்க. போனஸா வந்தவனுக்கு எழுந்து நின்னாங்க. நம்ம வீட்டுல, நம்ம பலகைக்குக் கீழ, சும்மா ஒத்தாசைக்கு வந்த ஆளு..." தங்கையின் பக்கம் பார்க்காமல் முடித்தார். "வயிறு எரியும், சார். யாரா இருந்தாலும் எரியும்."

புயல் தன் இடது காதைத் தடவிக்கொண்டார்.

"அந்தப் பொடியன் மூச்சே விடாம மேல போறான்யா" என்றார். "நான் ஒரு வரிக்கு மூணு தடவை நிறுத்தறேன். இந்தப் பாட்டுதான் நான் கடைசியாப் பாடப் போறது. அதையும் அவன் பிடுங்கிட்டுப் போனா? அன்னைக்கு ராத்திரி எல்லாரும் போனப்புறம் அழிச்சேன். அழிச்ச கையோட அழுதேன்."

"உன் குரல், நீ அழிச்சே. அது உன் பாடு" என்று மத்தளம் எழுந்தார். "நான்தான்னு உன் பொண்ணு என்னை வாசலோட அனுப்பினப்போ வாயில என்னடா வச்சிருந்தே?"

மத்தளம் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"நானும் யோக்கியன் இல்ல. அந்தச் செத்தவன் எப்படித்தான் வாசிச்சான்னு வீட்டுல கேக்கறதுக்காக, அன்னைக்கு யாருக்கும் தெரியாம இதுல பிடிச்சுட்டுப் போனேன். வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு."

பொத்தானை அழுத்தினார். சட்டைப் பைக்குள்ளிருந்து பிடித்த சத்தம். இருமல், நாற்காலி நகர்வது, அதற்கு மேலே அந்த இளங்குரல், அழியாமல். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். குரலுக்கு அடியில் இன்னொன்றும் கேட்டது. கரகரத்த, மூச்சு வாங்குகிற ஒரு குரல், வரி தவறாமல் கூடவே பாடிக்கொண்டிருந்தது.

"யாரது கூடப் பாடறது?" என்றார் புயல்.

"வேற யாரு? என் பக்கத்துல யார் உக்காந்திருந்தா?" என்றார் மத்தளம். "கண்ணை மூடிட்டுப் பாடினே. உனக்கே தெரியல. ரெண்டு பேரும் நல்லாத்தான் பாடினீங்க."

புயலின் கை போனை நோக்கி நீண்டது. மத்தளம் அதைத் திரும்பவும் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"முதல்ல மன்னிப்புக் கேளு. இந்த இடது காதுல கேக்கணும். உனக்கு இடது மாதிரி, எனக்கு வலது செத்துப்போச்சு."

புயல் கைப்பிடியை ஊன்றி எழுந்தார். கூடத்தைத் தாண்டி, நண்பனைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் போய்ச் சேர அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. குனிந்து என்னவோ சொன்னார். மற்றவர்களுக்குக் கேட்கவில்லை.

மத்தளம் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை மகளிடம் நீட்டினார். பிறகு நண்பனின் பக்கம் திரும்பினார்.

"சரியாக் கேக்கல" என்றார். "இன்னொரு தடவை சொல்லு."