சாட்சி சொன்ன ரப்பர் குழாய்

காருக்குள் பிணம்!

ஸ்டியரிங்கில் தலை சாய்ந்து கிடந்தவர், ஒரு கருவி கம்பெனியின் விற்பனை ஏஜென்ட். கண்ணாடிகள் இறுக ஏற்றப்பட்டிருந்தன. பின் சீட்டுக்கு அடியில் லேபிள் சுரண்டப்பட்ட ஒரு குட்டி ஆர்கான் சிலிண்டர்... இன்னும் சன்னமாகச் சீறிக்கொண்டிருந்தது!

வாசனையே இல்லாத வாயு. மூச்சு முட்டுவதுகூடத் தெரியாது. ஆள் தூங்கிவிடுவான். அவ்வளவுதான்!

ஆர்கானில் துளி நைட்ரஜன் கலந்திருந்தாலும் காட்டிக்கொடுக்கும் கருவியை வடிவமைத்தவர், அதே கம்பெனியின் இன்ஜினியர். இன்ஸ்பெக்டர் சிலிண்டரை அவரிடம்தான் கொண்டு வந்தார்.

"நைட்ரஜன் ஏகத்துக்கு இருக்கு சார். வெல்டிங் பட்டறைக்குத்தான் இப்படி மட்டமான கேஸ் வரும். என் மெஷின் பொய் சொல்லாது!"

ஏஜென்ட்டோடு சண்டை போட்டிருந்த வெல்டிங் பட்டறைக்காரர் ஒரே ஒருவர்தான்.

இன்ஜினியரின் மச்சான்... மனைவியின் சொந்தத் தம்பி!

அன்றே லாக்கப்.

மறுநாள் காலை. கம்பெனி ஆய்வகத்தில் அவரோடு வேலை பார்க்கும் மனைவி, முகம் வீங்க அழுதுவிட்டு வந்து நின்றாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. சிலிண்டரை எந்தக் குழாய்ல மாட்டினீங்க?"

இன்ஜினியர் கருவியின் பின்பக்கம் எட்டிப் பார்த்தார்.

ரப்பர் குழாய்!

"தலைபாடா அடிச்சுக்கிட்டேனே! வெளிக்காத்து ரப்பரைத் தாண்டி உள்ள போயிடும், ஸ்டீல் குழாய் போடுங்கன்னு... சிரிச்சீங்களே!"

காற்றில் பெரும்பங்கு நைட்ரஜன்தான். அவர் அளந்தது சிலிண்டரை அல்ல. சொந்த அறையின் காற்றை! அதை வைத்து ஒரு அப்பாவியை உள்ளே தள்ளியாகிவிட்டது. அவரால் மனைவியை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

பக்கத்தில் நின்ற கம்பெனி பார்ட்னர் அவர் தோளைத் தட்டினார்.

"விடுடா. கோர்ட்ல யாருக்கு ரப்பரும் ஸ்டீலும் தெரியப்போகுது? வாயைத் திறந்தா நம்ம மெஷினை நாய்கூடச் சீண்டாது!"

ஒரு நொடி... ஒரே ஒரு நொடி... இன்ஜினியருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அதுதான் அவரை இன்னும் அசிங்கப்படுத்தியது.

போனை எடுத்தார்.

"சார்... நான் சொன்னது தப்பு. என் மச்சான் மேல எந்தத் தப்பும் இல்ல. சிலிண்டரைக் கொண்டு வாங்க."

இன்ஸ்பெக்டர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். ஸ்டீல் குழாய் மாட்டப்பட்டது. வால்வு திறந்தது.

முள் அசையவே இல்லை!

"சுத்தமோ சுத்தம்!" என்றாள் மனைவி. சட்டென்று குரல் இறங்கியது. "சார்... இப்படி ஆர்கான் ஊர்லயே ஒரு இடத்துலதான் இருக்கு. மெஷினைச் சரிபார்க்கறதுக்குன்னு... இதோ, இந்த அலமாரியில!"

"சாவி?"

"ஒண்ணு இவர்கிட்ட. இன்னொண்ணு..."

எல்லோரும் திரும்பினார்கள்.

பார்ட்னர் வாசலை நோக்கி நழுவிக்கொண்டிருந்தார்! கான்ஸ்டபிள் கொத்தாகச் சட்டையைப் பிடித்தார்.

"நம்ம டிசைனைத் திருட்டுத்தனமா வித்துட்டேன். ஏஜென்ட் மோப்பம் பிடிச்சிட்டான்..." என்று மூச்சு வாங்கிய பார்ட்னர், இன்ஜினியரைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். "எல்லாம் உன்னாலதான்டா! ரப்பர் குழாய் பொய் சொல்லும்னு எனக்கு முன்னாடியே தெரியும். நீ ஒரு நாளாவது தப்பை ஒத்துக்கிட்டது உண்டா? அந்தத் திமிரை நம்பித்தானே கொலையே பண்ணேன்!"

இன்ஜினியர் மச்சானிடம் மன்னிப்பு கேட்க வேண்டும். செத்தவனின் வீட்டாரிடம் என்ன கேட்பது?

இன்ஸ்பெக்டர் விலங்கை மாட்டினார்.

"வாங்க சார், போகலாம். எங்க லாக்கப்ல ஜன்னலுக்குக் கண்ணாடியே கிடையாது... வெறும் கம்பிதான். காத்து பிரமாதமா வரும்!"