சுத்தக் காற்றுத் தட்டு

அன்று மதியம் ஆய்வகத்தில் இருந்தவர்கள்: நுண்ணோக்கியின் முன்னால் தலைமை ஆய்வாளர் சாடிர்பெக்; ஹீட்டரை ஒட்டிய முக்காலியில், காலுறைப் பாதங்களைச் சூட்டுக்குக் காட்டியபடி உதவியாளர் குல்ஜாத்; இன்குபேட்டருக்குப் பக்கத்து நாற்காலியில் இன்னொரு உதவியாளர் பெகிமாய். இன்குபேட்டருக்குள், முப்பத்தேழு டிகிரி வெதுவெதுப்பில், பெகிமாயின் கணவன் திலெக்.

அவன் இறந்து இரண்டு குளிர்காலம் ஆகியிருந்தது. அனல் மின் நிலையத்தில் கரி அள்ளியவன். அறுவை சிகிச்சையில் எடுத்த நுரையீரல் துணுக்கிலிருந்து வளர்த்த செல்கள் மட்டும் இரண்டு தட்டுகளில் உயிரோடிருந்தன. ஒரு தட்டுக்கு பிஷ்கெக் நகரக் கூரைகளில் சேகரித்த தூசி, மற்றதற்கு வடிகட்டிய காற்று. சுத்தக் காற்றுத் தட்டைத் தானே பார்த்துக்கொள்வதாக பெகிமாய் கேட்டு வாங்கியிருந்தாள். உயிரோடிருந்தபோது கிடைக்காதது இப்போதாவது அவனுக்குக் கிடைக்கட்டுமே.

"தட்ட மாத்தி வச்சிட்டியாம்மா?" என்றார் சாடிர்பெக், கண்ணை எடுக்காமலே.

பெகிமாய் மாற்றவில்லை. நுண்ணோக்கியில் குனிந்து பார்த்தாள். செல்களுக்குள் ஒழுங்காக மடிந்து நிற்க வேண்டிய புரதங்கள் முறுக்கிக்கொண்டு, திரிந்த பாலைப் போலக் கட்டிகட்டியாக, சாயத்தில் பச்சையாக மின்னின. தூசித் தட்டில்தான் அப்படி ஆகும். இது சுத்தக் காற்றுத் தட்டு.

"உயிரோட இருந்தப்பவே சொன்ன பேச்சு கேக்காத மனுஷன்தானே அக்கா," என்று குல்ஜாத் சிரித்தாள்.

பெகிமாய் சிரிக்கவில்லை. ஜன்னலைப் பார்த்தாள். ஊரில் எல்லோரும் செய்வதுபோல, குளிரும் புகையும் நுழையாதபடி அக்டோபரிலேயே சோப்புத் தடவிய காகிதப் பட்டைகளை ஜன்னல் இடுக்குகளில் அவளே ஒட்டியிருந்தாள். வெளிப்புகை கசிந்திருந்தால் பட்டையின் ஓரம் கறுத்திருக்கும். ஓரங்கள் வெள்ளையாகவே இருந்தன. இன்குபேட்டருக்கு நேரெதிரே, பட்டையின் நடுவில், உள்ளிருந்து யாரோ வாய் வைத்து ஊதியதுபோலக் கறுப்பாக ஒரு வட்டம்.

இன்குபேட்டரின் வாயுக் குழாய் சீறியது. குட்டையாக இரண்டு முறை. பிறகு நீளமாக ஒன்று.

திலெக் அப்படித்தான் இருமுவான்.

இன்குபேட்டரின் கதவைத் திறந்தாள். ஈரக் கரியின் வாசனை முகத்தில் அடித்தது. தினமும் இந்தக் கதவுக்குள் தலையைக் கொடுத்து மூச்சிழுத்திருக்கிறாள். தினமும் இங்கிருந்து நேராக வீட்டுக்குப் போய் மகளைக் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

சாடிர்பெக்கிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு ஓடினாள். மூன்று மணிக்கே தெரு மங்கியிருந்தது.

வீட்டில் மகள் நாரிஸ்தே கட்டிலில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். ஐந்து வயது. தலைமாட்டு ஜன்னலிலும் அம்மா ஒட்டிய காகிதப் பட்டை. அதன் நடுவில் கறுப்பு வட்டம். சின்னது.

குழந்தை இருமினாள். குட்டையாக இரண்டு. நீளமாக ஒன்று.

"எப்பலேர்ந்து இருமுற, கண்ணு?"

"இது என் இருமல் இல்லம்மா."

பெகிமாய் நேரே மேசைக்குப் போனாள். காகிதம் எடுத்தாள். நாரின் என்ற மலையூரில் இருந்த திலெக்கின் அக்கா ஊல்கானுக்கு எழுதினாள். வியாழக்கிழமை வண்டியில் பிள்ளையை அனுப்புகிறேன், உங்கள் ஊரில் புகையில்லை, உங்கள் பிள்ளைகளோடு ஒரே அறையில் படுக்க வையுங்கள், தனியாகப் படுத்தால் பயப்படுவாள்.

உறையை ஒட்டுவது நாரிஸ்தேயின் வேலை. நாக்கை நீட்டி, பசை ஓரத்தை மெதுவாக நக்கினாள். சாம்பல் நிறத்தில் ஒரு கோடு விழுந்தது. பெகிமாய் மேலங்கிப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள், அதைக் கவனிக்கவில்லை.

தபால் நிலையத்தில் கடிதத்தைத் தராசில் வைத்தபோதுதான் அந்தக் கோட்டைப் பார்த்தாள். கை நீட்டினாள். அதற்குள் முத்திரை விழுந்துவிட்டது. கடிதம் நாரினுக்குப் போகும் தபால் மூட்டைக்குள் போனது. குமாஸ்தா மூட்டையின் வாயை இழுத்துக் கட்டினான்.

மூட்டை உப்பியது. அமுங்கியது.

குட்டையாக இரண்டு முறை.

பிறகு, நீளமாக.