மூன்றாம் படி

இடுப்புக்குக் கீழே யாரோ கட்டைவிரலை வைத்து விடாமல் அழுத்துவது போல வலித்தது. காலை ஆறு மணியிலிருந்து ஹெர்மினியா நின்றுகொண்டே இருக்கிறாள். வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லை. பெரிய வெள்ளிக்கிழமை விரதத்தை அவள் இந்த நாற்பத்திரண்டு வயதில் ஒரு வருடமும் விட்டதில்லை. கரும்பு வெட்டுகிறவன் மகள் பட்டினிக்கும் இடுப்புவலிக்கும் பயந்தால் ஆகுமா.

வேலையும் அதிகம் இல்லை. நெக்ரோஸ் தீவில் அன்றைக்கு யாரும் ஊசிக்குக் கை நீட்ட மாட்டார்கள். பெரிய வெள்ளியில் பட்ட காயம் ஆறாது என்பார்கள். அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி லேபின் வெளிப் பெஞ்சு காலியாகக் கிடந்தது. ஜன்னல் வலையைத் தாண்டி எரித்த கரும்புத் தோகையின் கரித்தூள் மேசைமேல் மெல்ல வந்து இறங்கிக்கொண்டிருந்தது. மதியம் இரண்டரை மணி வெயில். வெளியே ஒரு கோழிகூடச் சத்தம் போடவில்லை.

பிரசவ வார்டிலிருந்து வந்த ஒரே ஒரு குழாய் தாங்கியில் நின்றது. சிவப்பு மூடிக் குழாய். அதில் எடுத்த ரத்தம் அரை மணியில் கூழாக உறைந்துவிட வேண்டும். ஒரு மணி நேரம் ஆகியும், சாய்த்தால் தண்ணீராகச் சாய்ந்தது. அதற்குக் காரணம் உண்டு. பிள்ளை பெற்று ரத்தப்போக்கு நிற்காதவளுக்குச் சில நேரம் ரத்தம் உறையும் குணத்தையே இழந்துவிடும். அது அவளுக்குத் தெரியும்.

ஆனால் குழாய் சூடாக இருந்தது. இப்போதுதான் உடம்பிலிருந்து இறக்கியது போல.

வெயில்பட்டிருக்கும் என்று நினைத்தாள். தாங்கி இருந்த மூலைக்கு வெயில் வராது.

ரத்தப் பைகளை மேலே தூக்கிப் போகும் நோங் பாடோ, எல்லாருக்கும் பாடோ அண்ணன், கதவில் தலையை நீட்டினார். அறுபது வயது, பல் பாதி இல்லை.

"இண்டாய், ரத்தம் ரெடியாம்மா? மேல அந்தப் பொண்ணோட மாமியா ஜெபமாலைய வச்சுக்கிட்டு என்னையே முறைக்கிறா. நான்தான் அவ மருமகளக் கடிச்ச மாதிரி."

"இன்னும் பாக்கவே ஆரம்பிக்கல நோங். போய் எதாச்சும் சாப்பிடுங்க."

"இன்னிக்கா? நீ பட்டினி கிடந்து சொர்க்கம் போ. நான் பினிக்னிட் பாயாசம் ரெண்டு கிண்ணம் குடிச்சுட்டேன், நரகத்துல எடம் போட்டு வச்சாச்சு." அவர் சிரிக்க வாயெடுத்து, நாள் நினைவு வந்து அடக்கிக்கொண்டு போனார்.

அவள் குளிர்ப்பெட்டியைத் திறந்தாள். ஓ பிரிவில் ஒரே ஒரு பை. சீட்டில் கொடுத்தவர் பெயர்: பெர்லிட்டா மக்பனுவா.

அந்தப் பெயரை அவள் படிக்காமல் கடந்துவிடத்தான் நினைத்தாள்.

பெர்லிட்டாவின் புருஷன் எலியூத்தேரியோ. மார்ச் பதினொன்றாம் தேதி, கரும்பு வெட்டும் கத்தி நழுவித் தொடையில் இறங்கி வந்தவன். அன்றைக்கு ஹெர்மினியா இரண்டு ஷிப்டு தொடர்ந்து நின்றிருந்தாள். நோயாளியின் ரத்தநீரோடு பையின் ரத்தத்தைச் சேர்த்துப் பார்க்க மூன்று படிகள் உண்டு. உடனே சுற்றிப் பார்ப்பது ஒன்று. அரை மணி சூட்டில் வைத்துப் பார்ப்பது இரண்டு. மூன்றுமுறை கழுவி, மருந்து சொட்டுவிட்டுப் பார்ப்பது மூன்று. உள்ளே ஒளிந்திருக்கும் பகை அந்த மூன்றாவதில்தான் வெளியே வரும். அவள் முதல் படியைப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. மூன்று கட்டத்திலும் 'ஒத்துப்போகிறது' என்று எழுதிவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள்.

அந்த ரத்தம் ஏறிய ஒரு வாரத்தில் அவன் கண் மஞ்சளானது. சிறுநீர் கோலா நிறத்தில் போனது. டாக்டர் சந்தேகப்பட்டு மறுபடி ரத்தம் அனுப்பினார். அதற்கும் அவள் 'குறை ஒன்றும் இல்லை' என்று எழுதினாள். சிறுநீரகம் போய்ச் செத்தான் என்று முடித்தார்கள்.

அடக்கம் முடிந்த மறுவாரம் பெர்லிட்டா வந்து, மனாங், அக்கா என்று கூப்பிட்டுக் கையை நீட்டினாள். "அவருக்குக் குடுத்த ரத்தத்த நாங்க திருப்பிக் குடுத்துடறோம் மனாங். வாங்கினத வச்சுட்டுப் போற குடும்பம் இல்ல எங்களது." ஊசியைக் குத்தியது ஹெர்மினியாதான். பெர்லிட்டாவின் முகத்தைப் பார்க்காமல் குத்தினாள்.

அந்தப் பை இது.

இந்தத் தடவை ஒழுங்காகச் செய்தாள். முதல் படி சுத்தம். சூட்டுப் பெட்டியில் வைத்தாள். அரை மணி நேரம் சூட்டுப் பெட்டியின் முனகலும், தூரத்துச் சாலையில் மரச் சிலுவையை இழுத்துப் போகிறவர்கள் தட்டும் கட்டைச் சத்தமும், எங்கிருந்தோ காற்றில் வந்து மூக்கில் ஒட்டிக்கொள்ளும் கரிந்த சர்க்கரை வாசமும், அதற்குக் கீழே இன்னொரு வாசமும் அறையில் கூடிக்கொண்டே போயின. பழைய சிறுநீர் வாசம். தொட்டியைக் கழுவினாள். போகவில்லை.

இரண்டாம் படியும் சுத்தம்.

கழுவினாள். ஒரு தடவை, இரண்டு, மூன்று. மருந்து விட்டாள். சுற்றினாள். விளக்கு எரியும் கண்ணாடிக்கு மேலே குழாயைப் பிடித்து மெதுவாகத் தட்டினாள். ஒத்துப்போகிற ரத்தம் புகை போலக் கலைந்து மேலே வரும்.

கலையவில்லை. அடியில் ஒரே கட்டி.

மறுபடி செய்தாள். கட்டி. நோயாளியின் ரத்தநீரை விட்டுவிட்டு வெறும் உப்புத் தண்ணீரோடு சேர்த்துச் செய்தாள். உப்புத் தண்ணீருக்கு யாரோடும் பகை இல்லை. அதிலும் கட்டி. பெர்லிட்டாவின் ரத்தம் யாரோடும் சேர மாட்டேன் என்றது.

டெலிபோன் அடித்தது. பிரசவ வார்டு நர்ஸ் விக்கி.

"மனாங், பிரஷர் எழுபதுக்கு இறங்கிருச்சு. துணி மாத்தி மாத்தி எங்களுக்குக் கை ஓஞ்சு போச்சு. எவ்ளோ நேரம்?"

"மூணாவது படில கட்டுது விக்கி. திரும்பப் பாக்கறேன்."

"போன மாசம் கத்தி வெட்டுக்காரருக்கு இருபது நிமிஷத்துல குடுத்தீங்களே."

அவள் ரிசீவரை வைத்தாள். மேலே ஒரு பெண் செத்துக்கொண்டிருக்கிறாள். கொடுத்தால் இந்த ரத்தமே கொல்லும். கொடுக்காவிட்டால் ரத்தம் இல்லாமல் போவாள். பேனாவை எடுத்தாள். 'ஒத்துப்போகவில்லை' என்று எழுதப் பதிவேட்டைப் பிரித்தாள்.

எழுதியிருந்தது.

இன்றைய தேதி. அந்தப் பெண்ணின் பெயர். மூன்று கட்டம். மூன்றிலும் 'ஒத்துப்போகிறது'. வலப்பக்கம் சாயும் அவளுடைய எழுத்து. விரலை வைத்தாள். மை ஒட்டியது.

குளிர்ப்பெட்டிக்கு ஓடினாள். ஓ தட்டு காலி.

"இண்டாய்." கதவில் நோங் பாடோ. கை இரண்டும் வெறுங்கை. "பை எங்க? அந்தக் கிழவி என்னைத் திட்டியே கொன்னுருவா."

"நீங்க எடுக்கலயா?"

"நான் இப்பதான வரேன்."

அவர் மூக்கைச் சுளித்து அறைக்குள் பார்த்தார். பிறகு அவளைத் தாண்டி எதையோ பார்த்தார். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து போனார்.

டெலிபோன்.

"பை வந்துருச்சு மனாங், மாட்டிட்டோம். புது ஆளா அவரு? கரும்புக் காட்டுலருந்து நேரா வந்த மாதிரி மூஞ்சியெல்லாம் கரி. கண்ணு மட்டும் மஞ்சளா. நீங்க அனுப்பினதா சொன்னாரு."

"குழாய மூடு."

"என்ன?"

"அத மூடு விக்கி. அது சேராது. மூடு."

அந்தப் பக்கம் செருப்புச் சத்தம். ஒரு கிழவியின் அழுகை. ஏதோ இரும்பு விழுந்தது. அவள் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு எண்ணினாள். பதினொன்று. பன்னிரண்டு.

"மூடிட்டேன். பாதிக் குழாய்தான் இறங்கியிருந்துச்சு, உடம்புக்குள்ள போகல. டாக்டர் உள்ள துணி அடைச்சுப் பிடிச்சிருக்காரு, ரத்தம் நின்ன மாதிரி இருக்கு. பக்கோலோடு டவுன்லருந்து ரெண்டு பை கிளம்பிருச்சாம். தாக்குப் பிடிப்பா." விக்கி மூச்சு வாங்கினாள். "டாக்டர் கேக்கறாரு. இந்த மாதிரி சேராத ரத்தம் முன்னாடி எப்பவாச்சும் போயிருக்கா?"

வாய் திறந்தது. மஞ்சள் கண். பெர்லிட்டா நீட்டிய கை. லைசென்ஸ். பதினெட்டு வருட வேலை.

"இல்ல," என்றாள் ஹெர்மினியா.



"அந்த ஆளு எங்க?" என்று கேட்டாள்.

"கீழ வந்துட்டாரே. மனாங்கிட்ட ஒரு வேலை இருக்குன்னாரு."

லைன் நின்றது.

வாசம் இப்போது முதுகுக்குப் பின்னால். கரிந்த சர்க்கரை. சிறுநீர்.

தரையில் கரிக் கால்தடம். வெறுங்கால். கதவிலிருந்து வரவில்லை. குளிர்ப்பெட்டியிலிருந்து வந்தது.

நாற்காலி கிரீச்சிட்டது. ரத்தம் எடுக்கும் நாற்காலி.

அவள் திரும்பினாள்.

சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டி, கையைப் பலகையில் நீட்டி உட்கார்ந்திருந்தான். எல்லாரும் செய்வது போல முஷ்டியை மூடி மூடித் திறந்தான். ஒவ்வொரு மூடலுக்கும் முழங்கை மடிப்பில் நரம்பு புடைத்தது. அதிலிருந்து கோலா நிறத்தில் சொட்டியது. பலகையில் தேங்கியது. உறையவில்லை. மஞ்சள் கண் அவளைப் பார்க்கவில்லை. சோதனை முடியும்வரை காத்திருக்கிற நோயாளிகள் பார்ப்பது போல, அவள் கையைப் பார்த்தது.



மார்ச் பதினொன்று. எலியூத்தேரியோ மக்பனுவா. அவனுக்கு அவள் செய்து தர வேண்டியது, மூன்றாம் படி.