கல்பெட்டிக்கு ஒரு கை

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பயப்படுவதுதான் சுடலைவடிவின் வேலை. தூத்துக்குடிக் கோட்டைச்சுவரை ஒட்டிய கனவுக்கொட்டகையில் அவளுக்கென்று ஒரு கட்டில் உண்டு. உணர்வலைத் தொப்பியை மாட்டிக்கொண்டு ஒரு மடக்கு மருந்தைக் குடித்தால் கண் சொருகும். சுவருக்கு அந்தப் பக்கம், அரங்கில், கோட்டைவாசிகள் அதே தொப்பியோடு உட்கார்ந்திருப்பார்கள். படம் இவள் கனவில் ஓடும். இவளுடைய நடுக்கம் கம்பி வழியே அவர்களுக்குப் போகும்.

கோட்டைக்குள் பிறந்தவர்களுக்குப் பயம் கிடையாது. தொட்டிலிலேயே பயத்தை அடக்கும் தணிப்பூசி போட்டுவிடுகிறார்கள். ஊசி வந்த பிறகு எல்லாருக்கும் நல்ல தூக்கம் வந்தது, அறுவைச் சிகிச்சை செய்கிற கைகள் நடுங்காமல் இருந்தன. படங்கள்தான் செத்துப்போயின. பேய் வந்தால் ஜனம் கொட்டாவி விட்டது. அதனால் ஊசி படாத உப்பளத்து ஆட்களின் பயத்தைக் கூலிக்கு எடுத்தார்கள். உப்பளத்துக்காரர்களுக்கு வேண்டியது அந்த ஊசி. கையில் அதன் தழும்பு இல்லாத பிள்ளைக்குக் கோட்டைக்குள் பள்ளிக்கூடமும் இல்லை, வேலையும் இல்லை.

"இன்னைக்கு ரொம்பப் பழைய படம்," என்றான் மேற்பார்வையாளன் கிப்சன், தொப்பியின் வாரை இறுக்கியபடி. அவனும் உப்பளத்துக்காரன்தான். பத்து வயதில் ஊசி கிடைத்து உள்ளே போனவன். "ஏதோ நாவல்லேருந்து எடுத்தது. மலை மேல பங்களா, நிலவறையில ஒரு சீமான். செத்தும் சாகாதவன். கல்பெட்டியத் தெறந்துட்டு எந்திரிப்பான்."

"எந்திரிச்சு?"

"கழுத்தக் கடிச்சு ரத்தத்தக் குடிப்பான்."

"எங்க கங்காணி மாதிரின்னு சொல்லுங்க."

"ஏட்டி, வெளயாடாத. நடுக்கமானி முள்ளு செவப்பத் தொட்டா ஒம் மவளுக்கு இன்னைக்கே ஊசி. அனுமதி வாங்கி வச்சிருக்கேன். தொடலன்னா எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

"தொடும்ணே. நான் பல்லியக் கண்டாலே ஓடுத ஆளு."

மருந்து உள்ளே இறங்கியதும் பனி வந்தது. பிறகு, நிறமே இல்லாத ஒரு வெளிச்சம். தரையைத் துடைக்கிற வெள்ளைக் கவுனில் அவள் நின்றாள். திரைச்சீலைகள் மூச்சு விட்டன. மெழுகுவர்த்தி ஒன்று அவளுக்கு முன்னால் தானாக மிதந்து இறங்கியது; அதன் பின்னால் பஞ்சு போன்ற படிகளில் அவளும் இறங்கினாள். எவ்வளவு இறங்கியும் படிகள் தீரவில்லை. தீர்ந்த இடத்தில் கல்பெட்டி இருந்தது. மூடி நகர்ந்தது. விளிம்பில் வெளுத்த விரல்கள் ஊர்ந்து வந்தன. அவள் வாயைத் திறந்தாள். இந்த இடத்தில்தான் அலற வேண்டும்.

மூடி பாதியில் நின்றுவிட்டது. உள்ளேயிருந்து ஒரு முக்கல் கேட்டது.

அந்த முக்கல் அவளுக்குத் தெரியும். உப்பு மூட்டையைத் தனியாளாகத் தலைக்கேற்றுகிறவனின் முக்கல். உப்பளத்தில் அது காதில் விழுந்தால் யார், எவர் என்று பார்ப்பதில்லை. பேச்சுவார்த்தை முறிந்த பகையாளியானாலும் முதலில் ஒரு கை கொடுப்பார்கள், முறைப்பதெல்லாம் பிறகுதான். பாரம் சரிந்து கழுத்து ஒடிந்து செத்தவர்களைத் தூக்கிப் புதைத்த ஜனம் அது. சுடலைவடிவு ஓடிப்போய் மூடிக்குத் தோள் கொடுத்தாள்.

"வெரல உள்ள இழுத்துக்கிடும்யா, நசுங்கிரும்," என்றாள் சீமானிடம்.

கல் மெல்ல இறங்கித் தரையைத் தொட்டது. சீமான் பெட்டியின் விளிம்பில் உட்கார்ந்து மூச்சு வாங்கினான். கடிக்க வந்தது அவனுக்கு மறந்துபோயிருந்தது. பனி இருவரையும் மூடியது.

கண் விழித்தபோது கிப்சன் நடுக்கமானியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பேய்க்கு ஒத்தாசை பண்ணின ஆள ஒன்னத்தான் பாக்கேன்."

"கை தானாப் போயிருச்சுண்ணே. முள்ளு தொடலையா?"

"செவப்பத் தாண்டி, கோடு இல்லாத எடத்துக்குப் போயிருக்கு. ஒனக்காகப் பயந்தா செவப்போட நின்னுரும். நீ அவனுக்காகப் பயந்திருக்க."

அரங்கிலிருந்து ஜனம் வெளியே வந்தது. சாம்பல் கோட்டு போட்ட ஒரு பெண் கொட்டகை வாசலில் நின்று சுடலைவடிவைப் பார்த்தாள்.

"கனவு கண்டது நீங்களா? அந்த மூடி அவர் விரல்மேல விழுந்துடுமோன்னு எனக்கு இங்க பிடிச்சுது." நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். "விரல் அவரோடது. எனக்கு எதுக்குப் பிடிக்கணும்?"

"அதுவும் பயந்தாம்மா."

"வீட்டுக்குப் போனாலும் இருக்குமா?"

"தொப்பியக் கழட்டிட்டீகள்லா. கொஞ்ச நேரத்துல போயிரும்."

அந்தப் பெண் கையை நெஞ்சிலிருந்து எடுக்காமலே நடந்துபோனாள்.

ஊசி அறை வாசலில் மகள் பிரம்மசக்தி உட்கார்ந்திருந்தாள். ஒன்பது வயது. அவளை உள்ளே அழைக்க வந்த கிப்சனைச் சுடலைவடிவு நிறுத்தினாள்.

"ஊசி போட்டா, அடுத்தவங்களுக்காக வருதே, அந்தப் பயமும் போயிருமாண்ணே?"

கிப்சன் தன் கைத் தழும்பைத் தடவினான். "எனக்கு ஊசி போட்டப்புறம், எங்கம்மா உப்புப் பாத்தியில விழுந்து சாவும்போது நான் பக்கத்துலதான் நின்னேன்," என்றான். "நல்லாத்தான் நின்னேன்." பிறகு, "வேண்டாம்னா கூட்டிட்டுப் போ. பாத்தியில எப்பவும் ஆள் பத்தலதான்," என்றான்.

சுடலைவடிவு மகளின் பாதங்களைப் பார்த்தாள். வெடிப்பு ஒவ்வொன்றிலும் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்தாள்.

"வேண்டாம்மா, பயமா இருக்கு," என்று பிரம்மசக்தி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"கொஞ்ச நேரந்தான் மக்கா. அப்புறம் இருக்காது." பிள்ளையின் கையை அசையாமல் பிடித்துக்கொடுத்தது அவள்தான்.

வெளியே வெயில் மஞ்சளாக இறங்கியிருந்தது. கனவு மருந்து இன்னும் தலையில் சுற்றிக்கொண்டிருந்தது. கடைசிப் படியில் சுடலைவடிவின் கால் இடறியது. முழங்கால் கல்லில் பட்டுப் பிளந்தது. காலையில் இவள் விரலில் முள் ஏறியதற்கே ஊரைக் கூட்டிய பிள்ளை, இப்போது பக்கத்தில் நின்று குனிந்து பார்த்தது.

"அம்மா, ஒனக்கு ரத்தம் வருது," என்றாள், மேகம் வருது என்று சொல்வதைப் போல.

அண்ணாந்து மகளின் முகத்தைப் பார்த்தாள் சுடலைவடிவு. ஒரு சுருக்கம் இல்லை. அவ்வளவு அழகான முகத்தை அவள் இதுவரை கண்டதில்லை.

"ஆமா மக்கா," என்றாள். "பள்ளிக்கூடம் எந்தப் பக்கம்னு அந்த போர்டுல போட்டிருக்கும். போய்ப் பாரு."

பிரம்மசக்தி அவளைத் தாண்டிக்கொண்டு போய்ப் பார்த்தாள்.