இரண்டாவது கியரில் ஒரு சத்தம்

தானோடிகள் ஆழியாறு வரைதான் வரும். சாலையோர வழிக்கம்பங்கள் அனுப்பும் சமிக்ஞையைப் பிடித்துக்கொண்டு ஓட்டுநர் இல்லாமல் ஓடும் வண்டிகள் அவை. மலைப்பாதையில் ஒவ்வொரு மழைக்காலத்திலும் மண் சரிந்து கம்பங்கள் பிடுங்கிக்கொண்டு போய்விடுவதால், வால்பாறைக்குப் போகும் அந்தப் பாதையில் மட்டும் கையால் ஓட்டும் கார்களுக்கு அனுமதி இருந்தது. தனபாலனிடம் அப்படியொரு கார் இருந்தது. கியர், கிளட்ச் எல்லாம் உள்ள பழைய கார். காலையில் பயணிகளை இறக்கிக் கொண்டுவருவான், மாலையில் ஏற்றிக்கொண்டு போவான்.

அன்று காலை இறங்கிய பெரியவர் ஒருவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னார்.

“கியர்பாக்ஸை யார்கிட்டயாவது காட்டுங்க தம்பி. ஒவ்வொரு வளைவுலயும் இரும்பைக் கடிச்ச மாதிரி கத்துது.”

“எனக்கு ஒண்ணும் கேக்கலீங்களே.”

பெரியவர் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். அந்த வாரத்தில் இப்படிச் சொன்ன முதல் ஆள் அவர் இல்லை. தனபாலன் இன்ஜினை ஓடவிட்டு ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்த்தான். சத்தமே இல்லை. கியர்த்தண்டில் மட்டும் எப்போதாவது ஓர் அதிர்வு வரும். அது உள்ளங்கையில் கூச்சம்போல ஓடி அடங்கிவிடும். இத்தனை பேர் சேர்ந்து பொய் சொல்ல மாட்டார்கள். தன் காதும் நன்றாகத்தான் இருக்கிறது. பிறகு என்ன என்று அவனுக்குப் புரியவில்லை.

மாலையில் எழிலரசியை மட்டும் ஏற்றிக்கொண்டு மெக்கானிக் ஜெசிந்தாவின் பட்டறைக்குப் போனான். எழிலரசி அவன் மனைவி. அடிவாரத்துச் சுகாதார நிலையத்தில் செவிலி. தினமும் அவனோடு காரில் மலை இறங்கி, அவனோடே ஏறுவாள்.

“எந்த கியர்ல கத்துதுண்ணா?” என்று கேட்டாள் ஜெசிந்தா.

“கேட்டாத்தானே சொல்றதுக்கு.”

ஜெசிந்தா எழிலரசியின் பக்கம் திரும்பினாள். “உங்களுக்குக் கேக்குதாக்கா?”

“கேக்குது. அப்பவே அவர்கிட்ட சொன்னேன்.”

“எங்கிட்டயா? எப்போ?” என்றான் தனபாலன்.

எழிலரசி சாலையைப் பார்த்தாள்.

ஊரில் எல்லோருக்கும்போல ஜெசிந்தாவுக்கும் காதுக்குப் பின்னால் செவிவடி பொருத்தியிருந்தது. ஒலித்தூய்மைச் சட்டம் வந்த பிறகு பள்ளியில் சேரும்போதே அதைப் பொருத்திவிடுகிறார்கள். இரைச்சலைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் உள்ளே விடும் கருவி அது. பட்டறைக்காரர்கள் வேலை நேரத்தில் அதை அணைத்துவைக்கலாம். ஜெசிந்தா விரலால் அழுத்தி அணைத்துவிட்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். தனபாலன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

முதலில் ரிவர்ஸ் போட்டாள். “இது சுத்தமா விழுது. கிளட்ச் சரியா விடலைன்னா இங்கயே கத்தியிருக்கும். அதனால கிளட்ச்ல குத்தமில்ல.” பிறகு சாலைக்கு வந்தாள். மூன்றாவதும் நான்காவதும் விழுந்தன. முதல் ஏற்றத்தில் மூன்றிலிருந்து இரண்டுக்குத் தள்ளியபோது அவள் முகம் சுளித்தது. தனபாலனுக்குக் காதில் எதுவும் விழவில்லை. அவள் மறுபடி நியூட்ரலுக்கு எடுத்து, கிளட்சை விட்டு, ஆக்சிலேட்டரை லேசாகத் தட்டி, திரும்பக் கிளட்சை மிதித்து இரண்டாவதைப் போட்டாள்.

“இப்ப சத்தமில்ல. ரெண்டு பல்சக்கரத்தோட வேகத்தையும் நானே சமப்படுத்திக் குடுத்தா ஒழுங்கா விழுது. அந்த வேலையைச் செய்ய வேண்டியது உள்ள இருக்கற சிங்க்ரோ ரிங். அது தேஞ்சிருக்கும்.”

பட்டறையில் கொஞ்சம் கியர் ஆயிலை வடித்துக் காட்டினாள். ஆயிலில் பித்தளைத் தூள் மினுமினுத்தது.

“ரெண்டாவது கியரோட பித்தளை ரிங்தான். பாக்ஸை இறக்கி மாத்தணும். ஆனா ஒண்ணு புரியலண்ணா. கத்தறது கேட்டா எவனும் கொஞ்சம் நிதானிச்சுப் போடுவான். நீங்க மாசக்கணக்கா அமுக்கித் தள்ளியிருக்கீங்க. வண்டிக்குள்ள வர்ற சத்தத்தைச் செவிவடி கழிக்கவே கூடாதே.” அவன் செவிவடியருகே ஒரு சிறிய சோதனைக் கருவியைப் பிடித்தாள். “இதை எப்ப மாத்தினீங்க?”

“போன மழையில. பழசுக்குள்ள தண்ணி போயிடுச்சு.”

“அதான். இது புது ரகம். எது இரைச்சல்னு இதுக்கு யாரும் சொல்லிக் குடுக்கறதில்ல. எதைக் கேட்டா உங்க நாடி எகிறுதோ, அதை இரைச்சல்னு எடுத்துக்கிட்டு கழிச்சிடும்.”

“கியர் சத்தத்துக்கு என் நாடி ஏன் எகிறணும்?”

“பதினொண்ணாவது வளைவு,” என்றாள் எழிலரசி.

அவனுக்கு அது நினைவிருந்தது. புதுச் செவிவடி போட்ட சில நாளில், மழையில் பிரேக் பிடிக்காமல், கார் பள்ளத்தை நோக்கி இறங்கியபோது அவன் இரண்டாவது கியரை வெறிகொண்டு அமுக்கினான். ஏதோ ஒன்று அலறியது. முன்சக்கரம் விளிம்பில் நின்றது. அதன் பிறகு அதைப்பற்றி அவன் பேசியதில்லை. எழிலரசியும் பேசியதில்லை என்றே நினைத்திருந்தான்.

“ரிங் வர்ற வரைக்கும் செவிவடியை அணைச்சு வெக்கறேன்,” என்றாள் ஜெசிந்தா. “காதால கேட்டு ஓட்டுங்க. நான் செஞ்ச மாதிரி ரெண்டாவதை நிதானமாப் போடுங்க.”

மலை ஏறத் தொடங்கியதும் தனபாலன் திணறிப்போனான். காற்று, டயர், ஜன்னல் கண்ணாடியின் நடுக்கம், எல்லாம் ஒரே நேரத்தில் வந்தன. எது வண்டியின் சத்தம், எது வெளிச் சத்தம் என்று பிரிக்கத் தெரியவில்லை. முதல் கொண்டைஊசி வளைவில் கியரை மாற்றும்போது பழக்கத்தில் கை அவசரப்பட்டுவிட்டது. கறகறவென்று பல் அரைபட்டது. கூடவே பக்கத்து இருக்கையிலிருந்து இன்னொரு ஒலி வந்தது.

“மெதுவா. மெதுவாங்க. எனக்குப் பயமாயிருக்கு.”

அவன் அறிந்திராத குரல். மெலிந்து, நடுவில் உடைந்திருந்தது. திரும்பிப் பார்த்தான். எழிலரசி ஜன்னல் பக்கம் முகத்தை வைத்திருந்தாள்; அவனிடம் சொன்னவள்போலவே தெரியவில்லை. அவன் காரை ஓரங்கட்டினான்.

“இப்ப என்ன சொன்னே?”

“ஒண்ணுமில்லையே.”

“பயமாயிருக்குன்னு சொன்னே.”

அவள் மெல்லத் திரும்பினாள். “கேட்டுதா?”

“இப்பதான் கேட்டுது.”

“தினமும் சொல்றேன். போகும்போதும் வரும்போதும்.”

செவிவடி கழித்தது போக, மாதக்கணக்காக வண்டியில் அவள் பக்கமிருந்து ஒரு மெல்லிய முனகல் மட்டும் அவனுக்கு வந்துகொண்டிருந்தது. அவள் ஏதோ பாட்டை முணுமுணுக்கிறாள் என்று எண்ணியிருந்தான். அவளுக்கு மலைப்பாதை பிடித்திருக்கிறது என்று சிலரிடம் சொல்லியும் இருந்தான். அதை இப்போது அவளிடம் சொன்னான்.

“பாட்டா?” என்றாள் அவள். பிறகு கேட்டாள். “அப்போ பொள்ளாச்சி வேலையைப் பத்திச் சொன்னது?”

“எந்த வேலை?”

“அங்க ஆஸ்பத்திரியில. ஒண்ணாந்தேதி சேரணும். ஹாஸ்டல்ல இடமும் சொல்லியாச்சு. இனி இந்தப் பாதையில என்னால வர முடியாது, நீங்களும் கீழ வந்துடுங்கன்னு அழுதுக்கிட்டே கேட்டேன். நீங்க சரின்னுட்டு, சாப்பிடலாமான்னு கேட்டீங்க. அதுக்கு மேல நான் என்ன கேக்கறது?”

தனபாலன் அந்த நாளை நினைவில் தேடினான். அவள் சமையலறையில் முதுகைக் காட்டி நின்றிருந்தாள். பொள்ளாச்சி என்று காதில் விழுந்தது. ஏதோ வாங்கப் போக வேண்டும் என்கிறாள் என்று நினைத்துச் சரி என்றான். அல்லது அது வேறொரு நாளா? எதுவும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

“எல்லாத்தையும் திரும்பச் சொல்லு, எழில்.”

“எதுலேருந்து?”

“எனக்குக் கேக்காம போனதுலேருந்து.”

“அது எதுலேருந்துன்னு உங்களுக்கே தெரியாது. எனக்கு எப்படித் தெரியும்?” அவள் கைக்குட்டையை மடித்தாள், பிரித்தாள். “ஒண்ணு மட்டும் சொல்லுங்க. தீபாவளிக்கு முந்தின நாள் நான் பேசிட்டிருக்கும்போதே எழுந்து போய் டி.வி. போட்டீங்க. அது கேக்காம போனதா, கேட்டும் போனதா?”

பொய் சொல்வது எளிது. அவன் உண்மையிலேயே யோசித்துப் பார்த்தான்.

“தெரியல,” என்றான்.

“அது தெரியாம நான் போறதா இருக்கறதான்னு எப்படி முடிவு பண்றது?”

அவன் இன்ஜினை அணைத்தான். எழிலரசி கண்ணாடிக்கு வெளியே கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு, “அன்னிக்கு மழை விட்டதும் நாம வீட்டுக்குப் போனோமில்ல,” என்று ஆரம்பித்தாள். சொல்லச்சொல்ல அவள் குரல் மேலே ஏறியது, உடைந்தது. தனபாலனின் நெஞ்சு படபடத்தது. அவன் கை தானாகக் காதுக்குப் பின்னால் செவிவடியைத் தேடிப் போனது. அதைக் கீழே இறக்கி, ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு கேட்டான்.