ஒரே ஒரு மழை

போன் அலறியது.

அவள் எடுக்கவில்லை.

திரையில் 'அண்ணன்' என்று மின்னியது. மின்னட்டும்!

"மறுபடியும் மனசை மாத்திட்டான்... வேற என்ன?"

பல்லைக் கடித்தாள்.

அவள் நடத்துவது இணையத்தில் ஒரு ஓவியக் கூடம். இன்று சாயங்காலம் புதுக் கண்காட்சி திறக்கிறது. முதல் படமே அண்ணனுடையது. கம்ப்யூட்டரில் வரைந்த ஜன்னல், வெளியே மழை. ஒரு முறை விழுந்த துளி அதே இடத்தில் மறுபடி விழாது. அப்படி ஒரு வேலை!

வேலையில் குறையே இல்லை. எத்தனை பிரதி வெளியிடுவது என்பதில்தான் உயிரை வாங்கினான்.

ஒரு நாள் ஐந்து என்பான். விடிந்தால் ஒன்றே ஒன்று என்பான். மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள், "ஊருக்கே குடுத்துடலாமா?" என்பான். ஒவ்வொரு முறையும் அவள் கண்காட்சியின் இணையப் பக்கத்தைப் பிரித்து மேய்ந்து புதிதாய்க் கட்டினாள்.

இன்று காலையில்தான் ஒருவழியாய் முடிவானது. அதற்குள் மறுபடியும் போன்!

எடுத்தாள்.

"இதோ பாரு, இனிமே ஒரு புள்ளி கூட மாத்த மாட்டேன்!"

மறுமுனையில் அண்ணன் இல்லை.

"அம்மா... இந்த போனுக்குச் சொந்தக்காரர் உங்களுக்கு என்ன வேணும்?"

"அண்ணன். நீங்க யாரு?"

"இன்ஸ்பெக்டர். உடனே கிளம்பி வாங்க."

*

மாடி அறை. நாற்காலி குப்புறக் கிடந்தது. கேமரா நிறுத்தும் முக்காலி ஒன்று கால் வளைந்து மூலையில் கிடந்தது. தரையில் ரத்தம்... கொஞ்சம்தான். அதைப் பார்க்கவே அவளால் முடியவில்லை.

மேஜையில் திரை அணையவில்லை.

மழை பெய்துகொண்டிருந்தது. சத்தமே இல்லாமல்.

"எங்கே எங்க அண்ணன்?"

"ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். வழியிலேயே..."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார்.

அவள் அழவில்லை. திரையையே பார்த்தாள். ஒரு துளி ஜன்னல் கண்ணாடியில் இறங்கி, இன்னொன்றோடு சேர்ந்து, கீழே போனது. அப்புறம் இன்னொன்று.

வெகு நேரம் கழித்து இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார்.

"கீழ்வீட்டுக்காரர்தான் சத்தம் கேட்டு ஓடி வந்திருக்கார். அவர் இன்னொண்ணும் சொல்றார். காலையில ஸ்பீக்கர்ல ஒரு பொம்பளைக் குரல். 'நீ செத்தாத்தான் இதுக்கு ஒரு முடிவு வரும்!'"



"நான்தான் சார். கோபத்துல..."

"கோபத்துலதான் எல்லாரும் ஜெயிலுக்குப் போறாங்க."

"சார்! கூடப் பிறந்தவனை..."

"அப்ப எதுக்குச் சண்டை?"

"எத்தனை பிரதின்னு."

"கம்ப்யூட்டர் படம்தானே? தட்டினா காப்பி. காப்பிக்கும் ஒரிஜினலுக்கும் வித்தியாசம் உண்டா?"

"கிடையாது. அதுதான் சார் ரோதனை! கையால வரைஞ்சா ஒண்ணுதான் இருக்கும். அச்சுப் புஸ்தகம்னா எத்தனை வேணா இருக்கும். இதுல எத்தனைன்னு நாமளா வாயால சொன்னாத்தான் உண்டு. சொன்னா சொன்னதுதான். அப்புறம் ஒரு பிரதி கூட்டினாலும் முதல்ல வாங்கினவன் ஏமாந்தவன்."

"யாரு முதல்ல வாங்கினவன்?"

"ஒரு பல் டாக்டர். முதல் பிரதி அவருக்குன்னு எழுதியே குடுத்தாச்சு. அடுத்தது வருமா வராதாங்கறதுதான் பாக்கி. ஒண்ணோட நிறுத்துங்கன்னு அவர் காலைச் சுத்தின பூனை மாதிரி சுத்திட்டிருந்தார்."

"நிறைய வேணும்னு யாராவது?"

அவள் தயங்கினாள்.

"என் வீட்டுக்காரர். நூறு போடலாம்னார். நேத்து மச்சான்கூட மல்லுக்கட்டினார்."

"ரெண்டு பேரும் இன்னிக்கு இங்க வந்திருக்காங்க. கீழ்வீட்டுக்காரர் பார்த்திருக்கார். யார் எப்ப போனாங்கன்னு அவருக்குத் தெரியலை." இன்ஸ்பெக்டர் முகவாயைத் தடவினார். "போனை எடுத்ததும் 'இனிமே மாத்த மாட்டேன்'னீங்களே... அப்ப என்னதான் முடிவாச்சு?"

அவள் போனைத் தட்டினாள். அண்ணன் அனுப்பியிருந்த குரல் அறைக்குள் நிறைந்தது.

கேட்டு முடித்ததும் இன்ஸ்பெக்டரின் புருவம் ஏறியது.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"எனக்கு மட்டும்தான்."

"அப்ப ரெண்டு பேரையும் உங்க ஆபீசுக்கு வரச் சொல்லுங்க. இதைப் போட்டுக் காட்டுங்க. மத்தது என் பாடு."

*

ஆபீஸ் என்பது ஒரு அறை. இரண்டு மேஜை, ஒரு பெரிய திரை, ஓயாமல் முனகும் ஏசி.

அவள் வீட்டுக்காரர் நாற்காலியில் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"சண்டை போட்டது வாஸ்தவம். இன்னிக்கு மன்னிப்புக் கேட்கத்தான் போனேன் சார். 'போய்யா மச்சான்'னு சிரிச்சிட்டே அனுப்பினான்..."

பல் டாக்டர் கைக்குட்டையால் நெற்றியை ஒற்றினார்.

"பெரிய இழப்பு மேடம். ரொம்பப் பெரிய இழப்பு! நான் போனப்ப கதவு பூட்டியிருந்தது. திரும்பிட்டேன். அவருடைய ஒரே ஒரு மழையை... கடைசி வரைக்கும் நான் பத்திரமா வச்சிருப்பேன்."

'ஒரே ஒரு' என்பதில் கொஞ்சம் அழுத்தம்.

அவள் போனை மேஜைமேல் வைத்துத் தட்டினாள்.

அண்ணனின் குரல்... சிரிப்போடு!

"உன் வாய்க்குச் சர்க்கரை போடணும்டி! 'செத்தாத்தான் முடிவு'ன்னியே, அதுதான் சரி. நான் இருக்கற வரைக்கும் ஒண்ணே ஒண்ணு. டாக்டருக்கு மட்டும். நான் போன அன்னிக்கு ஊருக்கே இனாம். எவன் வேணா எடுத்துக்கட்டும். இப்படியே பக்கத்துல எழுதிடு."



ஏசி மட்டும் முனகியது.

"ஆள்தான் போயாச்சே..." வீட்டுக்காரர் குரல் உடைந்தது. "மச்சான் ஆசைப்படி திறந்து விட்டுடும்மா."

அவள் மவுஸில் கை வைத்தாள்.

"நிறுத்துங்க!"

பல் டாக்டர் எழுந்துவிட்டார். முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

"எதுக்கு மேடம் அவசரம்? ஆஸ்பத்திரியில இருக்கார்னு சொல்லுங்க. கொஞ்ச நாள் போகட்டும்..."

"செத்தவரை எத்தனை நாள் டாக்டர் ஆஸ்பத்திரியில வைக்கறது?" என்றார் இன்ஸ்பெக்டர். "அடிச்ச அடியில அந்த இடத்துலயே உயிர் போயிடுச்சு."

"இருக்காது!"

"போயிடுச்சுங்கறேன்."

"பல்லுக்குப் படிச்சாலும் நானும் டாக்டர்தான் சார்! நாடி இருந்துச்சு! நான் பார்க்கும்போது நல்லாத் துடிச்சுது!"

சொல்லிவிட்டார்.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது போல, வாயைப் பொத்திக்கொண்டார்.

"பூட்டின கதவு வழியா நாடி பார்த்தீங்களா?"

பல் டாக்டர் நாற்காலியில் சரிந்தார்.

"அஞ்சு போடறேன்னு நேத்து போன்ல சொன்னார் சார். ஆளே இல்லாட்டி ஒண்ணோட நின்னுடுமேன்னு... பின்னாலேர்ந்து அடிச்சேன்... நாடி துடிக்கறதைப் பார்த்ததும் பயந்து ஓடிட்டேன்..."

அவளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேய்யா! நீ கேட்டதைத்தான் காலையிலேயே குடுத்துட்டான்! வாயைத் திறந்து ஒரே ஒரு வார்த்தை..."



விலங்கைப் பூட்டிய இன்ஸ்பெக்டர் அவள் பக்கம் திரும்பினார்.

"அம்மா, அந்த பட்டனை அமுக்கிடாதீங்க."

"ஏன் சார்?"

"நாடி விஷயத்துல டாக்டர் சொன்னது கரெக்ட். உங்க அண்ணன் பிழைச்சுட்டார். கண் முழிச்சாச்சுன்னு இப்பத்தான் தகவல் வந்துச்சு."

அவள் மலைத்து நின்றாள்.

"அப்ப... என்கிட்ட எதுக்கு சார் பொய் சொன்னீங்க?"

"சந்தேகப் பட்டியல்ல நீங்களும் இருந்தீங்களே!"

அவரை அறைவதா, காலில் விழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஓடினாள்.

*

தலை முழுக்கக் கட்டு. நடுவில் இரண்டு கண்கள் மட்டும்.

கட்டிலருகே உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். இப்போதுதான் அழுகை வந்தது. வந்தது நிற்கவில்லை.

அவன் உதடுகள் அசைந்தன. குனிந்தாள்.

"என்னண்ணா? வலிக்குதா?"

"இல்லடி... யோசிச்சுப் பார்த்தேன்..."

"என்ன?"

"மூணு பிரதி போட்டா என்ன?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கதவுப் பக்கம் திரும்பிக் கத்தினாள்.

"சிஸ்டர்! இவருக்கு ஒரு தூக்க ஊசி போடுங்க... கண்காட்சி திறக்கற வரைக்கும் தாங்கற மாதிரி!"